முனியப்பன் பார்த்த வைத்தியம்

நான் பேஷண்ட் இல்லீங்க. முதல்லயே சொல்லிடறேன். இந்த மனநல டாக்டர் வாசல் பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாங்க, அது எனக்கும் தெரியும். கொஞ்சம் நகருங்க சார், ஃபேன் காத்து இந்தப் பக்கமும் வரட்டும். டாக்டர் இன்னும் வரலையாமா? அந்த நர்ஸம்மாகிட்டக் கேக்காதீங்க, கேட்டா "வந்துட்டே இருக்காரு"ன்னுதான் சொல்லும். நான் வந்ததுல இருந்து வந்துட்டேதான் இருக்காரு.

அந்த வேப்பமரத்தடியில நிக்கறது உங்க தம்பிங்களா? ஜாடையிலயே தெரியுதுங்க. பாத்தா நல்லா இருக்காரே. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி. யாரைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கானான்னு பாத்துருவேன்.

இன்சூரன்ஸுங்க. அட, எங்க எந்திரிக்கறீங்க, உக்காருங்க. நான் ஏஜெண்டு இல்லீங்க, உங்களைப் பாலிசி எடுக்கச் சொல்ல மாட்டேன். ஏஜெண்டு பாலிசி விக்கறவன். நான் அதுக்கு அந்தாண்ட. ஒருத்தன் எனக்கு இப்படி ஆயிப்போச்சு, பணம் குடுங்கன்னு எழுதிப் போட்டான்னு வைங்க. அவன் கேக்கறது நியாயமான்னு பாத்துட்டு வரச் சொல்லி கம்பெனி என்னை அனுப்பும். நியாயமா இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு கேக்கறீங்களா? இன்னொரு தடவை நல்லாப் பாத்துட்டு வரச் சொல்லுவாங்க.

சேலத்துல கம்பெனி ஆபீஸுக்குள்ள போயி குழந்தைவேலுன்னு சொல்லிப் பாருங்க. சேர் போடுவாங்க. சொந்தப் பெருமை இல்லீங்க, இருக்கறதைச் சொல்றேன். ஆனா அந்தக் குழந்தைவேலுவுக்கு இப்ப நடந்திருக்கற அநியாயத்தைக் கேட்டீங்கன்னா நீங்களே வயிறெரிவீங்க. பொழுது போகணும்ல, சொல்றேன் கேளுங்க.

வையாபுரின்னு ஒருத்தன். ஆத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி, ஜவ்வரிசி பண்ற இடம்ங்க, அங்க பாய்லர் பாத்துக்கிட்டு இருந்த ஆளு. ஒரு நாள் நீராவிக் குழாய் வெடிச்சுருச்சு. கூட வேலை செஞ்ச பெரியண்ணன்னு ஒருத்தன், இவனோட மாமா மச்சான்னு பழகினவன், இவன் கண்ணு முன்னாடியே வெந்து செத்துப் போனான். இவன்தான் வால்வை மூடிட்டு அவனை இழுத்துக்கிட்டு வந்து வெளியில போட்டது. இவனுக்குக் கையில கொஞ்சம் தோல் உரிஞ்சுது, அவ்வளவுதான், அதுவும் ஆறிப்போச்சு. ஆனா மனுஷன் அதுக்கப்புறம் வேலைக்குப் போகல. ஃபேக்டரி வாசல்கிட்டப் போனாலே கை கால் உதறுதாம். வீட்டுல குக்கர் விசில் அடிச்சா எந்திரிச்சு ஓடிப் போயி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி குத்தவெச்சுக்கறானாம். அவன் சம்சாரம் சுகுணா குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு சட்டியில சோறாக்கிட்டு இருந்துச்சு.

ஃபேக்டரியில எல்லாருக்கும் சேத்து ஒரு பாலிசி எடுத்திருந்தாங்க, அவங்கவங்க சம்பளத்துல பிடிச்சுத்தான். உடம்பாலயோ மனசாலயோ வேலை செய்ய முடியாமப் போனா மாசாமாசம் பாதிச் சம்பளம் வரும். "மனதாலோ"ன்னு அச்சடிச்சே இருக்குதுங்க, நானே பாத்தேன். அதை எதுக்குப் போட்டாங்கன்னு கம்பெனியில விசாரிச்சேன். யாருக்குமே தெரியல. அச்சாபீஸ்காரன் பண்ணின தப்பா இருக்கும்னு மேனேஜர் சொன்னாரு.

சரின்னு போனேன். வீட்டுக்குள்ள கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தான். வாங்கன்னு சொன்னான், அதோட சரி. நான் கேள்வி கேக்கக் கேக்க சுகுணாதான் பதில் சொல்லுச்சு. அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டுல குக்கர் ஒரு விசில் அடிச்சுது பாருங்க. எப்படி எந்திரிச்சான்னு தெரியல, என்னைத் தாண்டிக்கிட்டு ஒரே ஓட்டம். நான் பின்னாடியே போயிப் பாத்தா, கொட்டாய்ச் செவுத்தோட ஒட்டிக்கிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, வேட்டியெல்லாம் நனைஞ்சு... சொல்லக் கூடாது. சுகுணா வந்து தோள்ல கையப் போட்டு, "ஒண்ணுமில்லைங்க, பருப்பு வேகுதுங்க, பருப்புதான்"னு சொல்லிட்டே இருந்துச்சு.

நான் அன்னிக்கே ரிப்போர்ட்டுல எழுதினேன். "கால்கள் நல்ல நிலையில் உள்ளன. வேகமாக ஓடும் திறன் இருக்கிறது. செவித்திறன் மிக நன்று." எல்லாம் கண்ணால பாத்ததுங்க. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? ஓடினானா இல்லையா?

அது போதாதுன்னுட்டாங்க ஆபீஸ்ல. வேலையில வந்த வியாதின்னா கம்பெனி குடுத்துத்தான் ஆகணும். ஏற்கெனவே இருந்த வியாதியை மறைச்சுப் பாலிசியில சேந்திருந்தான்னா குடுக்க வேண்டியதில்ல. அப்ப நான் தேட வேண்டியது என்ன? அந்த ஏற்கெனவே. அது எல்லாருக்கும் இருக்குதுங்க சார். உங்களுக்கும் இருக்கும். கொஞ்சம் தோண்டணும், அவ்வளவுதான்.

ஆனா வையாபுரி படுத்தி எடுத்துட்டான். ஆத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி விடாம ஏறி இறங்கினேன். மெடிக்கல் ஷாப்புல கேட்டேன். ஃபேக்டரி வாசல் டீக்கடையில உக்காந்து பஜ்ஜியாத் தின்னு எனக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். அந்த ஆளு தலைவலிக்குக்கூட டாக்டர்கிட்டப் போனதில்லீங்க. இத்தனை வருஷம் பாய்லர் முன்னாடி நின்னவன், ஒரு நாள் மட்டம் போட்டதில்லையாம். இப்படிப்பட்ட ஆளுங்களாலதாங்க எங்க பொழப்பு கெடுது.

கடைசியில வழி காட்டினது யாருன்னு நினைக்கறீங்க? அவனோட அம்மா. பாவாயின்னு பேரு.

அந்தம்மா என்ன நினைச்சுருச்சுன்னா, கம்பெனியில இருந்து வந்திருக்கற சார், பையனுக்குப் பணம் வாங்கிக் குடுக்கத்தான் இப்படி வெயில்ல அலையறாருன்னு நினைச்சுருச்சு. நான் ஒண்ணும் அப்படிச் சொல்லலீங்க. இல்லைன்னும் சொல்லல. "கண்ணெல்லாம் செவந்து கெடக்குதே சாமி, தூங்கறதில்லையா?"ன்னு கேட்டுச்சு. உக்கார வெச்சு நாட்டுக்கோழி அடிச்சுக் கொழம்பு வெச்சுச்சு. சட்டியிலதான். நல்ல கொழம்பு. தின்னு முடிச்சதும், "வாங்க சாமி, எங்க முனியப்பனை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. இவனை அவருதான் ஒருக்காக் காப்பாத்துனாரு, இப்பவும் அவருதான் காப்பாத்தோணும்"னு சொல்லி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு.

ஒருக்காக் காப்பாத்தினாருன்னு சொன்ன உடனே எனக்குக் கோழிக் கொழம்பெல்லாம் ஜீரணம் ஆயிப்போச்சுங்க.

அங்க முனியப்பன் பெருசா மீசையோட அருவாளைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. முன்னாடி கம்பி கட்டி, ஜனங்க வேண்டிக்கிட்டு வாங்கிக் குடுத்த மணியெல்லாம் வரிசையாத் தொங்குது. அந்தம்மா நேராப் போயி ஒரு மணியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குச்சு. கிட்டப் போயிப் பாத்தேன். வெட்டி வெச்சிருக்குதுங்க மணியில: "மகன் வையாபுரிக்குப் பேச்சைத் திருப்பித் தந்த முனியப்பனுக்கு பாவாயி உபயம்." கீழ வருஷம் வேற.

என்னன்னு கேட்டா, இவன் பள்ளிக்கூடத்துப் பையனா இருக்கும்போது அப்பன் கெணத்துல விழுந்து செத்திருக்கான். பொணத்தைத் தூக்கி வெளிய போட்டதைப் பாத்த பையன் வாயை மூடினவன்தான், பேசவே இல்ல. ஐப்பசியில மூடின வாய் பங்குனி வரைக்கும் திறக்கல. பாவாயி முனியப்பனுக்கு வேண்டிக்கிச்சு. ஒரு நாள் பையன் பாட்டுக்கு வந்து "அம்மா, பசிக்குது"ன்னுருக்கான். அந்தம்மா பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போயிச் சேத்துவெச்சு மணி வாங்கிக் கட்டியிருக்கு.

"அம்மா, அந்த மணிகிட்ட நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்"னேன். பாவாயிக்கு அவ்வளவு சந்தோஷம். சீலையை இழுத்துவிட்டு, எழுத்து மறையாத மாதிரி மணியை என் பக்கம் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் என் பேரைக் கேட்டுச்சு. முனியப்பன் முன்னாடி நின்னு கையெடுத்து, "குழந்தைவேலு சாருக்கு நல்ல தூக்கத்தைக் குடு சாமி"ன்னு வேண்டுச்சு.

அதுக்கப்புறம்தாங்க எனக்குத் தூக்கம் சுத்தமாப் போச்சு. என்ன வேண்டுச்சோ, எப்படி வேண்டுச்சோ.

ரிப்போர்ட் போட்டேன். "நோய்: பேச்சின்மை, மனநலப் பாதிப்பு, சிறுவயது முதல். சிகிச்சை அளித்தவர்: முனியப்பன். முகவரி: ஏரிக்கரை." எந்தக் கட்டத்தையும் காலியா விடக் கூடாதுங்க, கம்ப்யூட்டர் எடுத்துக்காது. டாக்டரோட பதிவு எண்ணுன்னு ஒரு கட்டம். யோசிச்சு, "பழமையானவர்"னு போட்டேன். ஒத்துக்கிச்சு.

ஆபீஸே கொண்டாடுச்சுங்க. மேனேஜர் எந்திரிச்சு வந்து கை குடுத்தாரு. வையாபுரிக்கு கடுதாசி போயிருச்சு: நீங்கள் ஏற்கெனவே மனநோய்க்காக முனியப்பன் என்பவரிடம் சிகிச்சை பெற்றதை மறைத்துப் பாலிசி பெற்றுள்ளீர்கள், ஆகவே தர இயலாது.

இதோட முடிஞ்சிருக்கணும். சுகுணா விடலீங்க. பத்தாவது வரைக்கும் படிச்ச பொண்ணு. மேல, இன்சூரன்ஸ் குறை கேக்கற அதிகாரிக்கு, புகார் எழுதிப் போட்டுருச்சு. விசாரணை வந்துச்சு. அதிகாரி ஒருத்தர் நடுவுல, இந்தப் பக்கம் எங்க வக்கீல், நான், அந்தப் பக்கம் சுகுணா மட்டும். வையாபுரியால அவ்வளவு தூரம் வர முடியல, பஸ்ஸு பிரேக் அடிக்கறப்போ புஸ்ஸுன்னு காத்து விடுதுல்ல, அதுக்கே இறங்கி ஓடிட்டானாம்.

சுகுணா எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. "முனியப்பன் எங்க வீட்டுக்காரரைக் குணப்படுத்துனாருன்னு நீங்க ஒத்துக்கறீங்களா, இல்லைங்களா? குணப்படுத்திட்டாருன்னா அது அப்பவே தீந்துபோன வியாதிங்க. குணப்படுத்தலைன்னா இத்தனை வருஷம் பாய்லர் ஓட்டுனது யாருங்க?"

எங்க வக்கீல் கெட்டிக்காரரு, உடனே பிடிச்சுக்கிட்டாரு. "முனியப்பன் பதிவு பெற்ற மருத்துவர் அல்ல. ஆகவே அவர் குணப்படுத்தியதைக் கம்பெனி ஏற்காது"ன்னாரு. அப்ப அவருகிட்டப் போனதை மட்டும் எப்படி ஏத்துக்கறீங்கன்னு அதிகாரி கேட்டாரு. "போனது உண்மை, அதற்குப் போட்டோ இருக்கிறது. குணமானதற்குத்தான் சான்றிதழ் இல்லை"ன்னாரு வக்கீல். நல்ல பாயிண்டு இல்லீங்க? அதிகாரிதான் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுத் தொடைச்சுப் போட்டாரு. கடைசியில, "மணியெல்லாம் வேண்டாம். நிஜமான ஒரு டாக்டர் எழுதின சீட்டு, சின்ன வயசுல இருந்து இவருக்கு இந்த வியாதி உண்டுன்னு ஒரு வரி, அடுத்த விசாரணைக்குள்ள கொண்டாங்க. இல்லைன்னா அந்த அம்மாவுக்குப் பணத்தைக் குடுத்துருங்க"ன்னு எழுந்து போயிட்டாரு.

அடுத்த விசாரணை இந்த மாசக் கடைசியிலங்க. சுகுணா வீட்டுல மாட்டை வித்தாச்சு. கொட்டாய் மட்டும்தான் இருக்கு, அது அவன் உக்காரறதுக்கு வேணும்ல. பணம் வரலைன்னா அவங்க மகளைக் காலேஜை விட்டு நிறுத்தி அதே ஃபேக்டரியில ஜவ்வரிசி காய வெக்கற வேலைக்கு அனுப்பறதாப் பேச்சு. அந்தப் புள்ளை காத்தால கெளம்பிப் போயி அந்த வாசல்ல நுழையறதை இவன் எப்படிப் பாப்பான்னு தெரியல.

எனக்குப் பாவமா இல்லையான்னு கேக்கறீங்களா? பாவமாத்தாங்க இருக்கு. கோழி தின்ன வீடு. ஆனா அதை எந்தக் கட்டத்துல எழுதறது?

என் கதைக்கு வரேன். அநியாயம்னேன்ல. விசாரணை முடிஞ்சதுல இருந்து எனக்கு ஒரு சந்தேகம். அந்த மணியை எவனாவது கழட்டிக்கிட்டுப் போயிட்டா? ஆதாரம் பத்திரமா இருக்கணும்ல? போயிப் பாத்தேன், இருந்துச்சு. திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டுல இறங்கினா, நல்லாப் பாத்தமா, அது வையாபுரின்னுதான் இருந்துச்சான்னு மறுபடியும் சந்தேகம். அடுத்த பஸ் பிடிச்சுப் போனேன். இப்படியே போறதும் வரதுமாவே இருக்கேங்க. பாவாயி என்னைப் பாத்துட்டு, சாருக்கு முனியப்பன் மேல பக்தி வந்துருச்சுன்னு திருநீறு பூசி விடுது. அதுக்கு விஷயம் தெரியாதுங்க. தான் காட்டின மணியாலதான் பையனுக்குப் பணம் நின்னுச்சுன்னு மருமக சொல்லவே இல்ல. சொன்னா அந்தக் கெழவி தாங்காதுன்னு மறைச்சு வெச்சிருக்கு. பாத்தீங்களா, எவ்வளவு சாமர்த்தியமா மறைக்குது? அப்ப பாலிசியிலயும் மறைச்சிருக்கும்ல?

எங்க வீட்டம்மா பாத்துட்டு, "உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு, டாக்டரைப் பாக்கலைன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்"னுருச்சு. தெரு விளக்கு வந்ததும் நான் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பாக்க ஆரம்பிச்சன்னா நிறுத்தறதில்லையாம். அப்புறம் கேஸ் மூடியிருக்குதான்னு பாப்பனாம். அதுவும் ஒரு பழக்கம்தானேங்க? அந்தக் குணம்தான் எனக்குச் சோறு போடுது. ஆனா இப்பக் கொஞ்ச நாளா பல்லு வெளக்கும்போதே அழுகை வந்துருதுங்க. காரணமே இல்ல. பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு நிக்கறேன், அழுகை வருது.

ஆமாங்க. நான்தான் பேஷண்ட்டு. மெதுவாப் பேசுங்க.

சேலத்துல பாக்க முடியாதுங்க. எந்த டாக்டர்கிட்டப் போனா என்ன எழுதுவாங்க, அதை யாரைப் பிடிச்சா எடுக்கலாம்னு எல்லாம் எனக்கு அத்துபடி. குழந்தைவேலுன்னு ஒரு சீட்டு விழுந்தா என் பாலிசி போச்சு. அது போனாப் போகுது, இந்த ஆளுக்கே மனசு சரியில்ல, இவன் எழுதின ரிப்போர்ட்டு எப்படிச் செல்லும்னு எல்லா கேஸையும் கெளப்பிருவாங்க. என் வாழ்நாள் உழைப்புங்க அது. அதான் திண்டுக்கல் வரைக்கும் பஸ் ஏறி வந்தேன். அந்த நர்ஸம்மா பேரு, வயசு, அப்பா பேரு, ஊருன்னு கேட்டுச்சு. என் பேரைக் குடுக்கவா முடியும்? எத்தனை மாசமா அந்த ஒரு பேரையே எழுதிட்டு இருக்கேன், எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு வேற. வாயில வந்தது அதுதான். அப்பன் பேரு, ஊரு எல்லாம் தடங்கல் இல்லாம வந்துச்சுங்க.

வையாபுரின்னுதான் குடுத்திருக்கேன்.

ஏங்க கத்தறீங்க? அவனுக்கு என்ன கெட்டுப்போகுது? அவன் பேர்ல ஏற்கெனவே வியாதி இருக்குது. இன்னொரு சீட்டு விழுந்தா என்ன குறைஞ்சுரும்? விசாரணையா? இவ்வளவு தூரத்துல ஒரு சீட்டு கெடக்கறதை எவன் வந்து கண்டுபிடிக்கப் போறான்? இதையெல்லாம் கண்டுபிடிக்கற ஆளு கம்பெனியில நான் ஒருத்தன்தான்.

நானா? நான் எப்படிங்க சும்மா இருக்க முடியும்? கேட்டாங்கன்னா... சார், கிடைச்ச ஆதாரத்தை நான் இதுவரைக்கும் மறைச்சதே இல்லீங்க. அப்படி ஒரு பேரு எனக்கு இருக்கு.

இந்தா, டாக்டர் வந்துட்டாரு போல. கூப்பிடறாங்க. வரேம்மா, வையாபுரிதான்! கையை விடுங்க சார், எல்லாரும் பாக்கறாங்க. உள்ள போனதும் டாக்டர் முதல்ல கேக்கறது, எத்தனை நாளா இப்படி இருக்குன்னுதான். என் பேர்ல வந்திருந்தா போன வாரம்னு சொல்லியிருப்பேன். வேற ஒருத்தன் பேருன்னு ஆனதுக்கப்புறம் எனக்கென்னங்க பயம்? எங்கம்மாகிட்டயும் சொன்னதில்ல, கட்டினவகிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கு ஒரு மனுஷன்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லிடப் போறேங்க. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்னு.